போர்களைப் பற்றிய ‘மாற்று வரலாறு’ பயிற்சி: ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் போர்களைப் பற்றிய பாடங்கள் முடிந்ததும், ‘இது இப்படி நடக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?’ என்ற கேள்வியை மாணவர்கள் குழுக்களாக ஆராயும் பயிற்சி ஒன்றை நம் வரலாற்று ஆசிரியர்கள் இந்தப் பருவத்தில் தொடங்கியிருக்கிறார்கள். நடந்ததைப் படிக்கவே நேரம் போதாதபோது, நடக்காததைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்று பெற்றோர் சிலர் நேரிலும் தொலைபேசியிலும் கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி என்பதால் விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் உலகப் போருக்கான காரணங்களை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிப் பேராசை, தேசியவெறி, சரயேவோ படுகொலை என்று வரிசை மாறாமல் வந்துவிடும். ஆனால் இவற்றுள் எது இல்லாமல் போயிருந்தாலும் போர் மூண்டிருக்கும், எது இல்லாமல் போயிருந்தால் மூண்டிருக்காது என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ஒரு காரணத்தின் கனம் என்னவென்று அறிய, அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றவை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும். இந்தப் பயிற்சியின் நோக்கம் அதுவே. கற்பனைக் கதை எழுதுவது இதில் இல்லை.

சரயேவோவையே எடுத்துக்கொள்வோம். 1914 ஜூன் 28 காலை, போஸ்னியாவின் அந்த நகரில், ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மீது வீசப்பட்ட வெடிகுண்டு குறி தவறி, பின்னால் வந்தவர்களைக் காயப்படுத்தியது. காயமடைந்தவர்களை மருத்துவமனையில் பார்க்க விரும்பி இளவரசர் புறப்பட்டபோது, பயணப் பாதை மாற்றப்பட்ட செய்தி ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை. அவர் பழைய திட்டப்படியே பக்கத்துத் தெருவில் வண்டியைத் திருப்பினார். வழி தவறு என்று அதட்டல் வந்ததும் நிறுத்தினார். நின்ற இடத்துக்கு அருகிலேயே, சதிகாரர்களுள் ஒருவனான காவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியுடன் இருந்தான். அவன் இளவரசரைச் சுட்டுக் கொன்றான். ‘ஓட்டுநருக்குப் பாதை மாற்றம் சொல்லப்பட்டிருந்தால்?’ என்பதே ஒரு குழு எடுத்துக்கொண்ட கேள்வி. போரே வந்திருக்காது என்று சிலரும், 1912, 1913 பால்கன் போர்களைக் காட்டி, வேறொரு சாக்கில் வந்தே தீர்ந்திருக்கும் என்று சிலரும் வாதிட்டார்கள். பிறகுதான் ஒரு செய்தி அவர்கள் கண்ணில் பட்டது. ஆஸ்திரிய இராணுவத் தலைமைத் தளபதி கோன்ராட் செர்பியாவின்மீது போர் தொடுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வலியுறுத்தி வந்தார். அதற்குத் தடையாக நின்றவர்களுள் முக்கியமானவர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டேதான். அப்படியென்றால் அந்தக் கொலை போருக்கு ஒரு சாக்கைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, போரை எதிர்த்த ஒரு குரலையும் அகற்றியது. பாடப்புத்தகத்தில் ‘உடனடிக் காரணம்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் நிகழ்வை இவ்வளவு கூர்ந்து பார்க்க வைத்தது அந்த ஒற்றைக் கேள்விதான்.

பயிற்சி நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சார்ட் தாள் தரப்படுகிறது. தாளின் உச்சியில் மாற்றப்படும் ஒரே ஒரு நிகழ்வை எழுத வேண்டும். அதன் கீழே மூன்று பத்திகள்: நடந்தது, நடந்திருக்கக்கூடியது, எதை வைத்துச் சொல்கிறோம். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் இரண்டாவது பத்தியில் எழுதியதை அடித்துவிட வேண்டும் என்பது விதி. மாற்றம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது அந்தக் காலத்து மனிதர்களால் உண்மையாகவே செய்திருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஊகத்தை நீட்டக் கூடாது, ஏனெனில் அதற்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் ஊகங்களுக்குச் சான்று என்று எதையும் காட்ட முடியாது. ‘இதற்குமேல் சொல்ல முடியாது’ என்று உரிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும் குழுவுக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. சொல்லப்போனால், அந்த வரியைத்தான் ஆசிரியர்கள் முதலில் தேடுகிறார்கள்.

எந்த நிகழ்வை மாற்றுவது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். வியன்னா ஓவியக் கழகம் ஹிட்லரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் இரண்டாம் உலகப் போரே வந்திருக்காது என்பது ஏறக்குறைய எல்லாக் குழுக்களின் முதல் யோசனையாக வருகிறது. இதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட 1919 வெர்சாய் உடன்படிக்கையின் கசப்பு, 1923இல் ஜெர்மானியப் பணம் மதிப்பிழந்தது, 1932இல் அறுபது இலட்சத்தை எட்டிய வேலையின்மை ஆகிய அனைத்தையும் ஒரு நுழைவுத் தேர்வுக்குள் அடக்கிவிடுகிறது அந்த யோசனை. அதற்குப் பதிலாக 1933 ஜனவரியைப் பாருங்கள் என்கிறோம். 1932 ஜூலைத் தேர்தலில் 37 சதவீதமாக இருந்த நாஜிக் கட்சியின் வாக்கு, அதே ஆண்டு நவம்பரில் 33 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஹிட்லரைப் பிரதமராக்கக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஆகஸ்டில் மறுத்திருந்தார். அப்படியிருந்தும், ஹிட்லரைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய முன்னாள் பிரதமர் பாப்பன் முதலியோர் வற்புறுத்த, 1933 ஜனவரி 30 அன்று அவரையே நியமித்தார். அங்கே கதவு உண்மையில் திறந்துதான் இருந்தது. சிலர் வேறு விதமாக முடிவெடுத்திருக்க முடியும். சர்வாதிகாரி ஒருவர் எவ்வாறு பதவிக்கு வருகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சில கேள்விகளுக்கு ஊகம்கூடத் தேவைப்படுவதில்லை, பதிவேடுகளே விடை சொல்லிவிடுகின்றன. ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நார்மண்டித் தரையிறக்கம் 1944 ஜூன் 5 அன்று நடப்பதாக இருந்தது. புயல் வருகிறது என்று வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக் எச்சரித்ததால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டு, இடையில் காற்று சற்றுத் தணியும் என்று அவரே கணித்ததை நம்பி ஜூன் 6 அன்று நடந்தது. மேலும் தள்ளிப்போட்டிருந்தால், கடல் ஏற்றவற்றம் பொருந்திவரும் அடுத்த நாட்கள் ஜூன் 19ஐ ஒட்டியே வந்திருக்கும். அந்த 19ஆம் தேதி அதே கடலில் வீசத் தொடங்கிய கடும்புயல், அமெரிக்கர்கள் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்தது. நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், தரையிறக்கம் தோற்றால் வெளியிடுவதற்காக, பொறுப்பு முழுவதும் தன்னுடையதே என்று ஒரு குறிப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதில் ஜூன் என்பதற்குப் பதிலாக ஜூலை 5 என்று தேதியைத் தவறாக இட்டிருக்கிறார். அந்தத் தாளின் படத்தை மாணவர்கள் வகுப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

இனி எல்லைகளைப் பற்றி. நாஜிகள் வென்றிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று வண்ண வரைபடங்களோடும் வீர இசையோடும் காட்டும் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற ஓர் ஆட்சியின் வெற்றியைக் கொண்டாட்டமாகக் காட்டும் எதற்கும் நம் வகுப்பறையில் இடமில்லை. உங்கள் பிள்ளைகள் பயிற்சிக்காகத் தேடும்போது அவற்றைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து உடனிருந்து பேசுங்கள். தேசங்களையும் தளபதிகளையும் மட்டுமே நகர்த்திப் பார்த்துவிட்டு மனிதர்களை மறந்துவிடும் ஆபத்தும் இந்தப் பயிற்சியில் இருக்கிறது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிடம் வீழாமல் இருந்திருந்தால் என்று ஆராய்ந்த ஒரு குழு, கப்பல்களையும் எண்ணெய் வளத்தையும் பற்றித் தாள் நிறைய எழுதியிருந்தது. ஜப்பானிய இராணுவம் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர்கள் இந்தத் தாளில் எங்கே இருக்கிறார்கள் என்று ஆசிரியை கேட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. அந்தக் குழு வேறொரு தாள் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதியது. அதன்பின் எல்லாத் தாள்களிலும் ‘யாருடைய வாழ்க்கை மாறியிருக்கும்?’ என்ற நான்காவது பத்தியையும் சேர்த்திருக்கிறோம்.

தேர்வு குறித்த கவலைக்கு ஒரு வார்த்தை. இந்தப் பயிற்சி நூலக வேளையில் நடப்பதால் வரலாற்றுப் பாடவேளை எதுவும் குறையவில்லை. பாடத்திட்டத்தில் உள்ள எந்தப் பகுதியும் விடுபடாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பிள்ளை தன் குழுவின் முடிவைச் சொல்லும்போது, ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். போர்க்காலத்தை நேரில் கண்ட பெரியவர்கள் குடும்பத்தில் இருந்து, அவர்களும் பேச விரும்பினால், அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் குறித்துவரலாம். பேச விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம் என்று மாணவர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

போரால் இடம்பெயர்ந்த, உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ‘நடக்காமல் இருந்திருந்தால்’ என்ற கேள்வி அவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாக மட்டும் இருக்க முடியாது என்பதை நாங்கள் அறிவோம். அத்தகைய பிள்ளைகளுக்காக, முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க அமைக்கப்பட்ட சர்வதேச சங்கம் தோற்ற விதத்தையும் 1945இல் ஐக்கிய நாடுகள் சபை உருவான விதத்தையும் ஒப்பிடும் வேறொரு கட்டுரைப் பணி தயாராக இருக்கிறது. மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. காரணம் எதையும் எழுத வேண்டியதில்லை. இத்துடன் இணைத்துள்ள சீட்டில் இரண்டில் ஒன்றைக் குறித்து, கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். நேரில் பேச விரும்புவோர் பள்ளி முடிந்தபின் எந்த நாளும் என்னை என் அறையில் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்