மேடு பள்ளமும் ஷாக் ஆயிலும்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். நேற்றுதான் தொட்டிலில் பார்த்தது போல இருக்கிறது. இங்கே அனைவரும் நலம். 2021இலிருந்து ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை, வண்டி என்றால் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். அப்பாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நான் மோட்டாரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த் போய்வருகிறேன். பெட்டிக்குள் இருக்கிற ரிமோட் காரை எவரும் தடுப்பதில்லை.

சரி, உன் ரிமோட் பக்கி கார் விஷயத்துக்கு வருகிறேன். மழையில் குழைந்து வெயிலில் இறுகிய செம்மண் தடத்தில் அது துள்ளுகிறது, இன்னும் மெல்லிய ஸ்பிரிங் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பொறு, ஸ்பிரிங்கைத் தொடாதே. கையால் அமுக்கினால் மெத்தென்று இறங்குகிறது, ஓடும்போதுதான் துள்ளுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். கோளாறு ஷாக்கில், அதாவது அதிர்வு தாங்கும் ஆயில் குழாயில். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் துளையில்.

மெதுவாக அமுக்கும்போது ஆயில் துளை வழியாகத் தாராளமாகப் போய்விடும். அடுத்தடுத்து மேடுகளில் வேகமாக ஏறும்போது பிஸ்டன் சடாரென்று நகர வேண்டும். அத்தனை ஆயிலும் ஒரே நொடியில் அந்தத் துளைக்குள் நுழையாது, ஷாக் இறுகிவிடும். சக்கரம் மட்டும் எழும்ப வேண்டிய இடத்தில் காரே எழும்பும்.

இப்போது 1.6 மில்லிமீட்டர் துளை, 30 வெயிட் ஆயில் என்கிறாய் (வெயிட் எண் கூடினால் ஆயில் கெட்டி). 1.7 துளைக்கு மாறி, ஆயிலை 35 ஆக்கு. கைக்கு ஏறக்குறைய அதே கனம்தான் தெரியும், மேட்டில் மட்டும் சட்டென்று விட்டுக்கொடுக்கும். பழைய பிஸ்டனையே வைத்து ஆயிலை மட்டும் நீர்க்கச் செய்தால் வளைவில் கார் சாய்ந்து ஆடும். பட்டறைப் பையன்கள் முதலில் செய்வது அதுதான், கேட்டால் டயரைக் குறை சொல்வார்கள். இன்னொன்று, கம்பெனிக்குக் கம்பெனி வெயிட் எண் ஒத்துப்போகாது. பாட்டிலில் சிஎஸ்டி என்று ஆயிலின் கெட்டித்தன்மை அளவு இருந்தால் அதைப் பார்த்து வாங்கு. நம் ஊர் மத்தியான வெயிலில் ஆயில் இன்னும் நீர்த்துவிடும், அதையும் கணக்கில் வை.

துளை பெரிதானால் ஜம்ப்பிலிருந்து இறங்கும்போது அடித்தட்டு பட்டென்று தரையில் அடிக்கும். அடிக்கட்டும். ஒரு சுற்றுக்கு ஜம்ப் எத்தனை, மேடு எத்தனை, நீயே எண்ணிப்பார்.

ஆயில் ஊற்றும்போது தண்டு கீழே இருக்க, ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கு. கடுகளவு குமிழ்கள் துளை வழியாகக் கிளம்பி மேலே வரும். அவசரப்பட்டு மூடிவிடாதே. அப்படியே நிற்க வைத்துவிட்டு தே தாரேக் குடித்துவிட்டு வா. உள்ளே காற்று நின்றுவிட்டால் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி வேலை செய்யும்.

அப்புறம், பின்பக்க ஆன்டி ரோல் பாரை, இடது வலது சக்கரப் பக்கங்களை இணைக்கும் அந்தக் கம்பியைக் கழற்றிப் பார். அது இருந்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். காரின் உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே, எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

தைப்பூசத்துக்கு வருகிறாயா? வந்தால் 1.7 பிஸ்டன் எனக்கும் ஒரு செட் வாங்கி வா, பணம் கையோடு தருகிறேன்.

அன்புடன்,
உன் பினாங்கு மச்சான்