லாண்ட்ஸ்ஹூட் கல்யாணத்துக்கு வா

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். என்னோடு தமிழிலும் தம்பியோடு ஜெர்மனிலும் சண்டை போடுகிறாள்.

ஹூஸ்டனில் இருந்தபோது உன் மகன் உன்னை டாட் மிஷன் என்ற ஊரில் நடக்கும் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாவுக்கு, அதாவது பழைய ஐரோப்பிய உடையில் வேஷம் போட்டு நடத்துகிற விழாவுக்கு, கூட்டிப் போனதை விரிவாக எழுதியிருந்தாய். கடைசியில், "ஐரோப்பாவில் இருக்கிற உனக்கு இதெல்லாம் வெறும் வேஷமாகத்தானே தெரியும்?" என்று கேட்டிருந்தாய். இல்லை சேகர், அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவில் இந்த வழக்கம் தொடங்கியது 1963இல், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். பில்லிஸ் பாட்டர்சன் என்ற ஆசிரியை தன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பழைய இத்தாலிய நாடக பாணியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் அந்தத் திருவிழா. அவரும் கணவர் ரானும் சேர்ந்து, கேபிஎஃப்கே என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தினார்கள். நீ பார்த்த டெக்ஸாஸ் விழா 1974இல் வந்தது. குயவர், தோல் வேலைக்காரர், கண்ணாடி ஊதுகிறவர் என்று எத்தனையோ பேர் ஊர் ஊராக இந்த விழாக்களுக்குப் போய்த்தான் பிழைக்கிறார்கள். அங்கே நீ வாங்கிய குவளையைச் செய்த மனிதரின் கைத்தொழில் வேஷமில்லையே.

ஆனால் நான் பார்த்தது வேறு மாதிரி. 2023 கோடையில் குடும்பத்தோடு லாண்ட்ஸ்ஹூட் போயிருந்தோம். முனிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஈசார் ஆற்றங்கரை ஊர். அங்கே பொதுவாக ஒரு இடைக்காலத்தைக் கொண்டாடுவதில்லை. ஒரே ஒரு கல்யாணத்தைத்தான் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள். 1475 நவம்பரில் போலந்து அரசர் நான்காம் காசிமீரின் மகள் யாட்விகாவுக்கும், பவேரியா-லாண்ட்ஸ்ஹூட் பிரபுவின் மகன் கியோர்குக்கும் நடந்த கல்யாணம். அவளுக்குப் பதினெட்டு வயது, அவனுக்கு இருபது. கிராக்கோவிலிருந்து வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தாள் பெண். பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக், மகன் மாக்சிமிலியனோடு வந்திருந்தார். ஒரு வாரம் ஊரில் யாரும் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியதில்லை, எல்லாம் பிரபுவின் செலவு. கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: மாடு மட்டும் முந்நூறுக்கு மேல், கோழி 40,000!

அந்தக் கணக்கில் மிளகு, இஞ்சி, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் உண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வர இன்னும் இருபத்து மூன்று வருஷம் இருந்த காலம் அது. அந்த மிளகில் பெரும்பங்கு நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் காய்த்து, அரபுக் கப்பலேறி, வெனிஸ் வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி வந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்போது ஐரோப்பாவிலேயே கிடையாது. டெக்ஸாஸ் விழாவில் நீ ரசித்துக் கடித்த வான்கோழிக் காலும் கொலம்பஸுக்குப் பிறகு வந்த சரக்குதான். நம் ஊரிலும் அன்றைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். அந்த விருந்தின் காரமும் நம் பாட்டன்மாரின் குழம்பின் காரமும் ஒரே கொடியிலிருந்து வந்தவை என்று நினைத்ததும் அந்தக் கல்யாணம் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது.

இதை விழாவாக்கியது 1902இல், ஒரு விடுதிக்காரரும் ஒரு ரஸ்க் தயாரிப்பாளரும். நகர மன்றத்துச் சுவரில் இந்தக் கல்யாண ஊர்வலத்தை வரைந்திருந்த ஓவியத்தைத் தெருவில் இறக்கிக் காட்டிவிட ஆசைப்பட்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே முதல் ஊர்வலம். இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை. கொரோனாவால் 2021 தள்ளிப்போனதுதான் 2023இல் நடந்தது. கலந்துகொள்கிறவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், எல்லோரும் ஊர்க்காரர்கள்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அந்த ஊர். அந்த வருஷம் முழுக்க அவர் முடி வெட்டவேயில்லை. பொய்முடி வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கைக்கடிகாரம் கிடையாது, மூக்குக்கண்ணாடி கிடையாது. நம் ஊரில் காப்புக் கட்டி விரதம் இருப்பார்களே, அப்படி ஓர் ஊரே இருக்கிறது. முனிச் ரயிலில் தோள்வரை முடி வளர்ந்த ஆண்களைப் பார்த்தால் சரி, கல்யாணம் நெருங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இவருக்கு ஈட்டி பிடிக்கிற காலாள் வேஷம். இவர் அப்பாவும் அதையே பிடித்தவராம். தன் தெருவில், தன் ஊர்க்காரர்கள் முன்னால் நடக்கிறார், அதனால் நடிப்பதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் மார்ட்டின் தேவாலயத்தை ஒட்டிய அகலத் தெருவில் வந்தது. செங்கல்லால் கட்டிய அந்தக் கோபுரம் சுமார் 130 மீட்டர், செங்கல் தேவாலயக் கோபுரங்களில் உலகத்திலேயே உயரமானது. கொடி வீசுகிறவர்கள், குழலூதுகிறவர்கள், பிச்சைக்காரர் வேஷம் போட்டவர்கள், குழந்தைகள், அப்புறம் பொன் பூசிய வண்டியில் பெண். "ஹல்லோ!" என்று அவர்கள் கூவ, இரண்டு பக்கமும் கூட்டம் திருப்பிக் கூவியது. சின்னவன் தொண்டை கட்டும்வரை கத்தினான். மாலையில் ஈட்டியோடு குதிரைப் போட்டி பார்த்தோம். அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஊர்வலம்தான் பெரிது.

அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்க்கையை யாரும் ஊர்வலத்தில் காட்டுவதில்லை. யாட்விகா வாழ்ந்தது பெரும்பாலும் புர்க்ஹவுசன் கோட்டையில், கணவனை விட்டுத் தள்ளி. 1502இல் அங்கேயே இறந்தாள். ஆண் வாரிசு தங்கவில்லை. அடுத்த வருஷம் கியோர்கும் போக, சொத்துக்காகப் பெரிய யுத்தமே நடந்தது. நாங்கள் பிறகு ஒருநாள் அந்தக் கோட்டைக்கும் போனோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடந்து முடியவில்லை. பெரியவள் ஊர்வலத்தைவிட அங்கேதான் அதிகம் கேள்வி கேட்டாள். அவள் கேட்டதில் பாதி யாட்விகாவைப் பற்றி.

அடுத்த கல்யாணம் 2027 கோடையில். நீயும் சாந்தியும் கட்டாயம் வர வேண்டும். அம்மாவால் முடிந்தால் அவரையும் கூட்டி வா, வீட்டில் இடமிருக்கிறது. உட்காரும் இடத்துக்கு முன்பதிவு செய்துவிடுகிறேன், அம்மாவை நிற்க வைக்க முடியாது. விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை நான் அனுப்புகிறேன். உனக்கு எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
ரவி