பருப்ப நிறுத்தாத, ராஜ்மாவ ஒழுங்கா வேகவை

தம்பி, நேத்து போன்ல ஏதோ ஒரு வீடியோவ பாத்துட்டு லெக்டின் லெக்டின்னு, அது குடலுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு பருப்பு, தக்காளி, கத்திரிக்கா எல்லாத்தையும் நிறுத்திட்டேன்னியே, உங்கப்பா பக்கத்துல இருந்தார்னு அப்ப வாய மூடிட்டு இருந்தேன், அதான் இப்ப டைப் பண்றேன், கொஞ்சம் பெருசா போகும், முழுசா படி.

லெக்டின் ஒன்னும் கட்டுக்கதை இல்லப்பா. செடியில இருக்கற ஒரு வகை புரோட்டீன், சில சர்க்கரை மூலக்கூறுங்கள பாத்தா போய் ஒட்டிக்கும், நம்ம குடல் சுவர்லயும் அந்த மாதிரி சர்க்கரை இருக்கறதால அங்கயும் ஒட்டும். 1888-லயே எஸ்டோனியால ஸ்டில்மார்க்னு ஒருத்தர் ஆமணக்கு கொட்டைல இருந்து எடுத்தத ரத்தத்துல கலந்து பாத்தா சிவப்பணுவெல்லாம் கட்டி கட்டியா சேந்துடுச்சாம். அதுக்காக ஆமணக்கே விஷம்னு இருந்துட்டமா, உங்க ஆச்சி உனக்கு விளக்கெண்ணெய் ஊத்தாத மாசம் உண்டா? அந்த விஷம் எண்ணெய்ல கரையாது, புண்ணாக்கோட நின்னுடும்.

நிஜமா பயப்பட வேண்டியது ராஜ்மாவுக்குத்தான். பச்சையா நாலஞ்சு கொட்டை போதும், மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி, பேதி. வேகாத சிவப்பு ராஜ்மால லெக்டின் 20,000-லேருந்து 70,000 யூனிட் வரை இருக்கும், நல்லா வெந்துட்டா 200, 400-க்கு எறங்கிடும்னு அமெரிக்கால உணவு, மருந்தெல்லாம் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ-காரங்களே போட்டிருக்காங்க. நீ என்னடான்னா சாம்பார விட்டுட்டு, அதே மூச்சுல சனிக்கிழமை ஃப்ரெண்டுங்களுக்கு ராஜ்மாவ ஸ்லோ குக்கர்ல போட்டு வைக்கப்போறேங்கற!! அதுல சூடு பல நேரம் கொதிநிலைக்கே போகாது, 80 டிகிரில அரைவேக்காடா கெடந்தா பச்சைய விட அஞ்சு மடங்கு வரை மோசமாகலாம். ராத்திரியே ஊறப்போடு, அந்த தண்ணிய கொட்டிடு, புது தண்ணில அரைமணி நேரம் தளதளன்னு கொதிக்கவிடு, அப்பறம் உன் ஸ்லோ குக்கர்ல என்ன வேணா பண்ணிக்கோ. டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, பயமில்ல.

2006-ல ஜப்பான்ல டிவில ஒருத்தர் வெள்ளை பீன்ஸ லேசா வறுத்து பொடியாக்கி சோத்துல தூவினா எடை குறையும்னு காட்ட, அத நம்பி செஞ்சவங்க நூத்துக்கணக்குல வாந்தி பேதின்னு படுத்துட்டாங்க. பீன்ஸ் மேல தப்பில்ல, வேகவைக்காததுதான் தப்பு.

நம்ம வீட்டுல மொச்சையோ தட்டப்பயறோ கொண்டக்கடலையோ ஊறவைக்காம குக்கர்ல ஏறினதே கெடையாது, துவரம்பருப்பு குழைஞ்சு கரைஞ்சு போற அளவுக்கு வேகுது, அப்பறம் அதுல என்ன லெக்டின் மிச்சம் இருக்கப்போகுது. தக்காளிய வதக்காம சாப்பிட்டாலும் அதுல இருக்கறது கொஞ்சூண்டு, எவனும் அதால ஆஸ்பத்திரிக்கு போகல. பருப்பு தின்னா வயிறு உப்புதுங்கறியே, அது வேற கதை, பயறுல இருக்கற ஒரு தினுசு சர்க்கரை நமக்கு செரிக்காது, பெருங்குடல்ல இருக்கற கிருமிங்க அத தின்னுட்டு கேஸ் விடும், ஊறவச்ச தண்ணிய கொட்டினா அதுவும் பாதி அடங்கும். அதுக்கும் மேல வலி இருந்தா டாக்டர பாரு, வீடியோவ பாக்காத. பருப்ப விட்டா புரோட்டீனுக்கும் நார்ச்சத்துக்கும் எங்க போவ, நீதான் முட்டையும் தொடமாட்டியே.

அந்த வீடியோக்காரன் கீழயே லெக்டின் தடுக்கற மாத்திரை விக்கறானே, வாங்கியிருந்தா ரிட்டர்ன் போடு. உன் குக்கர் காஸ்கெட் லூசாயிடுச்சுன்னா எத்தன லிட்டர்னு மெசேஜ் பண்ணு, சித்தப்பா அடுத்த மாசம் வர்றப்ப பெருங்காயத்தோட சேத்து குடுத்து விடறேன்.

அம்மா