செயலாளரின் ஆண்டறிக்கை: வரைபடத்திலேயே தொடங்க வேண்டிய வேலை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகள் தங்கள் சக்திக்குள் அடங்கும் வாடகையில், தடையின்றிப் புழங்கக்கூடிய வீடுகளில், மற்றவர்களோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காக நம் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த பணிகளையும், முயன்றும் முடியாமல் போனவற்றையும் இந்த அறிக்கையில் உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இந்த ஆண்டில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட பணி, உறுப்பினர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று அளந்து பார்த்ததுதான். ஒரு வீட்டில் கண்டதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். குளியலறை வாசல் இரண்டரை அடி என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். அளவு நாடாவை வைத்துப் பார்த்தால், இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. இரு பக்க நிலைக்கட்டைகளும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போக மிஞ்சிய இடைவெளி இரண்டு அடிக்கும் குறைவு. உறுப்பினரின் சக்கர நாற்காலியோ இரண்டு அடிக்கு மேல் அகலம். அதனால் அவர் நாற்காலியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலிக்கு மாறி, கையைச் சுவரில் ஊன்றி, முக்காலியோடு தன்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் வந்திருக்கிறார். முக்காலியின் ஒரு கால் தேய்ந்து, அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் இதை ஒரு குறையாகவே சொல்லவில்லை, "பழகிடுச்சு சார்" என்றார்.

நிலையைப் பெயர்த்து, 900 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி வெளிப்புறம் நகரும் கதவு போட முடிவு செய்தோம். சுவரை உடைக்கத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர்க் குழாய் அதற்குள்ளேயே ஓடுவது தெரிந்தது. குழாயை மாற்றி, ஓடு பதித்து, பூச்சு காயும்வரை அந்தக் குடும்பம் குளிக்க அண்டை வீட்டுக்குப் போனது. வேலை நல்லபடியாக முடிந்தது, அவர் இப்போது நாற்காலியிலேயே உள்ளே போய் வருகிறார். ஆனாலும், அந்த வீட்டை வரைந்த நாளில் ஒரு கோட்டைச் சில அங்குலம் தள்ளிப் போட்டிருந்தால் இவ்வளவு உடைப்பும் செலவும் தேவைப்பட்டிருக்காது என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. கைப்பிடிக் கம்பிக்கும் இதே கதைதான்: உள்ளீடற்ற கல்லில் கட்டிய சுவரில் திருகாணி நிற்பதில்லை, கட்டும்போதே அந்த இடத்தைக் கெட்டியாக வைத்திருந்தால் ஒருவரின் முழு எடையையும் தாங்கும்.

சாய்தளம் குறித்து ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் தளம் தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற பொதுவான அளவின்படி அங்கே பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாசலில் இருந்த இடம் ஆறு அடிதான். அதற்குள் ஒன்றைப் போட்டுத் தந்தால் போதும் என்று உறுப்பினர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அவ்வளவு செங்குத்தான சரிவில் ஏறும்போது நாற்காலி பின்புறமாகக் கவிழும், மழையில் இறங்கும்போது கைக்கு நிற்காது. அவருக்கு என்மேல் வருத்தம் உண்டு என்பது தெரியும், ஆனாலும் அந்த முடிவில் மாற்றமில்லை. பக்கவாட்டில் திரும்பி ஏறும் சாய்தளத்துக்கு வீட்டு உரிமையாளரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் அளவைப் பணி பெரும்பாலும் சக்கர நாற்காலியையே சுற்றி வந்தது என்ற குறையைப் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பொது நடைவழிப் பக்கம் திறந்து வைக்கப்பட்ட சன்னல் கதவு இடித்து நெற்றியில் ஏற்பட்ட தழும்பையும் காட்டினார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். செவித்திறன் குறைந்தவர்களுக்கு அழைப்பு மணியோடு எரியும் விளக்கு வேண்டும், இரைச்சல் தாங்க முடியாதவர்களுக்கு ஒலி புகாத அறை வேண்டும். வரும் ஆண்டில் இவர்களும் அளவைக் குழுவில் இடம்பெறுவார்கள்.

வாடகை விஷயத்தில் நாம் அதிகம் சாதிக்கவில்லை. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே போனால் அது சுமை என்பது பல நாடுகளில் வழங்கும் கணக்கு. உதவியாளர் சம்பளம், மருந்து, தனி வண்டிச் செலவு ஆகியவற்றைச் சுமக்கும் குடும்பத்துக்கு அந்த 30 விழுக்காடே தாங்காது. மனநலச் சிக்கல் உள்ள ஓர் உறுப்பினருக்கு, முன்பணம் பேசி முடித்த பிறகு, காரணம் எதுவும் சொல்லாமல் வீடு மறுக்கப்பட்டது. போதுமான வீடு என்பது வெறும் கூரை அல்ல என்றும், கட்டுப்படியாகும் செலவும் எவரும் அணுகக்கூடிய தன்மையும் அதன் இலக்கணத்தில் அடங்கும் என்றும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1991-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறது.

வாசிப்புக் கூட்டங்களில், 2006-இல் நிறைவேறி 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டோம். எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை அது உறுதி செய்கிறது. இப்பிரிவுக்கு 2017-இல் வெளியான விளக்கவுரை, நூறு பேர் தங்கும் விடுதியானாலும், ஐந்து முதல் எட்டுப் பேர் தங்கும் சிறிய இல்லமானாலும், எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதை வேறொருவர் முடிவு செய்தால் அது சுயேச்சையான வாழ்க்கை ஆகாது என்கிறது. ஊருக்கு வெளியே, பேருந்து எட்டாத இடத்தில், நமக்கென்று மட்டும் தனிக் குடியிருப்பு கட்டித் தரலாம் என்று நல்லெண்ணத்தோடு வந்த ஒரு யோசனையைச் செயற்குழு ஏற்காததற்கு இதுவே காரணம். எல்லாரும் வாழும் தெருவில் நமக்கும் வீடு வேண்டும்.

அதே கூட்டங்களில், 1987-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எலினார் ஸ்மித் தொடங்கிய இயக்கத்தைப் பற்றியும் பேசினோம். படியில்லாத ஒரு வாசல், நாற்காலி நுழையும் கதவுகள், தரைத் தளத்தில் பயன்படுத்தத்தக்க ஒரு கழிப்பறை ஆகிய மூன்றும் மாற்றுத்திறனாளியின் வீட்டில் மட்டுமல்லாமல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவர், "என் வீட்டை நீங்க சரிபண்ணிக் கொடுத்துட்டீங்க. ஆனா எங்க அக்கா வீட்டுக்குள்ள நான் போய் எத்தனையோ வருஷமாச்சு. வாசல்லயே வண்டியை நிறுத்திப் பேசிட்டுத் திரும்பிடுவேன்" என்றார்.

இதை மனத்தில் கொண்டு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரும் ஆண்டில் நம் உழைப்பின் பெரும்பகுதி, கட்டி முடித்த வீடுகளைத் திருத்துவதிலிருந்து, கட்டப்போகும் வீடுகளின் வரைபடங்களைப் பார்த்து ஆலோசனை சொல்வதற்கு மாற வேண்டும். "அப்படிப்பட்டவங்க எத்தனை பேர் வரப்போறாங்க?" என்று ஒரு கட்டுமானக்காரர் என்னிடம் கேட்டார். உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றேன். அவருடைய தாயாருக்கு முழங்கால் வலி என்பதும் பேச்சில் தெரியவந்தது. அவர் வரைபடத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏற்கெனவே பதிவு செய்த உறுப்பினர்களின் திருத்த வேலைகள் நிற்காது, பதிவு வரிசைப்படி நடக்கும். உறுப்பினர்களின் உறவிலோ நட்பிலோ எவரேனும் வீடு கட்டத் திட்டமிட்டிருந்தால், அடித்தளம் தோண்டும் முன்பே வரைபடத்தின் நகல் ஒன்றை அளவைக் குழுவிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்