என் முதுகை நிமிர்த்தியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

36 வருஷமாகத் தையல் மெஷினில் குனிந்தே உட்கார்ந்தவன் நான். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தொடங்கிய பிழைப்பு, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக் கடையில் நடக்கிறது. போன ஆவணியில் ஒருநாள் காலை பாயைவிட்டு எழ முடியவில்லை. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்து, "முதுகெலும்பு தேஞ்சு போச்சு, குனியாதீங்க, படுத்தே இருங்க" என்றார்கள். 2 மாதம் கிடந்தேன். வலி அப்படியே இருந்தது, காலில் இருந்த தெம்புதான் போனது.

பக்கத்துக் கடை அண்ணே, தீபாவளி யாவாரத்தை விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். ஓ.பி. வரிசையில் எனக்காக நீங்கள் நின்றதை எப்படி மறப்பேன்!

எலும்பு மருத்துவர் ஐயா, அதே படத்தைத்தான் நீங்களும் பார்த்தீர்கள். முதுகெலும்புகளைப் பின்பக்கம் கோக்கும் சின்ன மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு துருத்தியிருக்கிறது, அறுபதை நெருங்கினால் வலியே இல்லாதவர்கள் படத்திலும் இது தெரியும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். "மெஷினை ஓட்டாம மூடி வச்சா என்னாகும்?" என்று கேட்டீர்களே, அன்றைக்குத்தான் பயம் விட்டது. மெடிக்கலில் நானாக வாங்கித் தினமும் விழுங்கிய வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சர்க்கரையும் பிரஷரும் உள்ள எனக்குக் கிட்னியைச் சோதித்தீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அந்த நிமிஷமே ஓடி வரணும் என்று சீட்டின் பின்னால் எழுதித் தந்தது இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

பிசியோதெரபி தந்த மகளே, உனக்குத்தான் அதிகக் கடன்பட்டிருக்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி 5 எண்ணச் சொன்னாய். முதல் நாள் மூன்று தடவைக்கே கண்ணீர் வந்தது. "லேசா வலிச்சா எலும்பு கெட்டுப்போகுதுன்னு அர்த்தமில்லய்யா" என்று கூடவே நின்றாய். கடையில் எப்படி உட்காருவேன் என்று நடித்துக்காட்டச் சொல்லி, மெஷின் காலுக்கு 2 அங்குலக் கட்டை கொடுக்க வைத்தாய். அந்தக் கட்டைதான் என் கழுத்தைக் காப்பாற்றியது.

தெப்பக்குளத்தில் காலையில் நடக்கும் நண்பர்களே, முதல் வாரம் ஒரு கரையோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்காக நீங்களும் உட்கார்ந்தீர்கள். இப்போது முழுச்சுற்று வருகிறேன். ராத்திரி ஒத்தடத்துக்கு வெந்நீர் காயவைத்த என் வீட்டுக்காரம்மாவுக்கு இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுவேன்.

தேய்மானம் போகவில்லை, போகவும் போகாது. மார்கழிக் குளிரில் எழுந்ததும் இருபது நிமிஷம் முதுகு கட்டை மாதிரி இருக்கிறது. நடந்தால் விடுகிறது.

தீபாவளித் துணியைத் திருப்பிக் கேட்காமல் பொங்கல்வரை காத்திருந்த வாடிக்கையாளர்களே, கடை மறுபடி திறந்திருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். ஸ்டூல் காலியாக இருந்தால் கொஞ்சம் உட்காருங்கள், சத்திரத்து வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன்.

நன்றியுடன்,
உங்கள் டெய்லர்