தரங்கம்பாடி ரயிலுக்காகக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தரங்கம்பாடி ஸ்டேஷனின் கதையை ஒருவழியாகப் போன வாரம் எழுதி முடித்துவிட்டேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க அத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் பலருக்கு இந்த ஊருக்கு ரயில் வந்ததே தெரியாது, அந்த ஆற்றாமையில் தொடங்கியதுதான் இது. 1926-இல் மாயவரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை வந்தது, சுமார் 30 கிலோமீட்டர், 1986-இல் நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நடுவில் ஓடிய அறுபது வருடத்தைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆளே இல்லை.

முதல் நன்றி கேட்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற பொறையார் தாத்தாவுக்கு. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல வண்டியே திண்ணையைத் தாண்டிப் போவது போல இருந்தது. பஸ் அதிகமானதும் கூட்டம் எப்படிக் கரைந்தது என்பதை அவர் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லவில்லை. பாட்டி, நான்கு நாளும் எனக்குச் சாப்பாடு போட்டீர்கள், மறக்கமாட்டேன்.

அப்புறம் அந்த அட்டை டிக்கெட். மாயவரத்து அக்கா பழைய ஆல்பத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார்: இரண்டு விரல் அகலம், ஓரத்தில் பரிசோதகர் போட்ட வெட்டு, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி அழுத்திய தேதி. அவருடைய தாத்தாவும் பாட்டியும் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போன டிக்கெட் அது. இத்தனை வருடம் அதைக் காப்பாற்றி வைத்த கைகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

பிழை திருத்திய தமிழாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. காந்தி 1915-இல் தில்லையாடிக்கு இந்த ரயிலில்தான் வந்தார் என்று ஊரில் ஒருவர் சொன்னதை நம்பி எழுதியிருந்தேன், பாதை வந்ததே பதினொரு வருடம் கழித்து என்று ஐயா சுட்டிக்காட்டாவிட்டால் அது அப்படியே அச்சில் போயிருக்கும்.

தாத்தா, உங்கள் கைவிளக்கைப் படம் எடுத்தாகிவிட்டது. சிவப்புக் கண்ணாடியில் இருந்த புகைக்கறையை நான் துடைக்கவில்லை, அது உங்கள் ராத்திரிகளின் கறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன்.