கண்காணிப்பு தண்டனையாகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியால் கல்லீரல் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மறுபடியும் குடிக்கிறாரா என்று சோதிப்பதை அவமானமாகப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்கரை அளவு பார்ப்பதுபோல் இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். எதை வைத்துச் சோதிக்கிறோம், முடிவை என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஊதிப் பார்க்கும் சோதனை சில மணி நேரத்துக்குள் குடித்ததைத்தான் காட்டும். ஆல்கஹாலை உடல் மாற்றும்போது உண்டாகும் எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளைச் சிறுநீரில் பார்த்தால் இரண்டு, மூன்று நாள் வரை தெரியும். ஆனால் ஆல்கஹால் கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்தும் சானிடைசரும்கூட அதில் தடயம் விடலாம். 'பெத்' எனப்படும் ரத்தப் பரிசோதனை இன்னும் நம்பகமானது. அது தேடும் பொருள், உடலில் ஆல்கஹால் இருந்தால் மட்டுமே சிவப்பணுக்களின் சவ்வில் உருவாகும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை தங்கும். அதிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் கணக்கு மாறலாம். ஆகவே ஒரே ஒரு தாளைக் காட்டி 'குடித்துவிட்டாய்' என்று யாரையும் குற்றவாளியாக நிறுத்தக் கூடாது.

மதுச் சார்பு ஒரு நோய். கல்லீரலை மாற்றியதால் அது போய்விடாது. சோதனைக்கு முன்பே நோயாளியிடம் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். முடிவு பாசிட்டிவாக வந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், அதே வாரத்தில் அவரைப் போதை மீட்பு ஆலோசகரிடம் உட்கார வைக்க வேண்டும். மாற்று சிகிச்சை மையங்கள் அந்த ஆலோசகரை அறுவை சிகிச்சைக் குழுவிலேயே நிரந்தரமாகச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்